நாலு பேருக்கு முன்னால்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"ஆண்களின் உளவியல், சுயக்கட்டுப்பாடு, சமூக அழுத்தம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் உளவியல் படித்தவன் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்க்கிறேன், மாலையில் இயக்க வேலை பார்க்கிறேன். ஆனால் நான் ஓர் ஆண். ஆதிக்கச் சாதி ஒன்றில் பிறந்த ஆண். இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி அதுதான். அதனால் கொஞ்சம் புத்தகத்தில் படித்ததையும், கொஞ்சம் நானே செய்ததையும் கலந்து பேசப் போகிறேன். செய்ததைச் சொல்வதுதான் கடினம். அதற்காகத்தான் வந்தேன்.

முதலில் நாம் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்த ஒரு வசனத்தில் இருந்து தொடங்குவோம். "அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது." அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்வார். அக்கா மாமாவைப் பற்றிச் சொல்வார். கொஞ்சம் பயத்தோடும், சில வீடுகளில் கொஞ்சம் பெருமையோடும் சொல்வார்கள்.

கண்ணும் மண்ணும் தெரியாத கோபம் என்றால் அது யார் மீது வேண்டுமானாலும் பாய வேண்டும் அல்லவா? பாய்கிறதா என்று பாருங்கள். காலையில் மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் திட்டுகிறார். "சரிங்க சார்" என்று கைகட்டி நிற்கிறார். வாகனச் சோதனையில் போலீஸ்காரர் ஒருமையில் பேசுகிறார். "சார், சார்" என்று கெஞ்சுகிறார். வட்டிக்குக் கொடுத்தவர் தெருவில் நிறுத்திக் கேட்கிறார். தலையைச் சொறிகிறார். நாள் முழுக்க எங்கேயும் கோபம் வரவில்லை. இரவு வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்ததும் தட்டு பறக்கிறது. இந்தக் கோபத்துக்குக் கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது, எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதும் தெரிகிறது.

"குடித்தால்தான் அப்படி, மற்றபடி தங்கமான மனுஷன்" என்பது அடுத்த வசனம். குடித்தவர் கடை வாசலில் நிற்கும் காவலரை அடிப்பதில்லை. வேலை கொடுக்கும் மேஸ்திரியை அடிப்பதில்லை. தள்ளாடிக்கொண்டே சரியாகத் தன் வீட்டைக் கண்டுபிடித்து வந்து மனைவியை அடிக்கிறார். மெக்ஆண்ட்ரூ, எட்கர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். பல சமூகங்களில் மக்கள் குடித்த பிறகு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாராயம் ஒன்றுதான், ஆனால் அது செய்யும் வேலை சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. குடித்தவன் என்ன செய்தால் மன்னிக்கப்படும் என்று ஒரு சமூகம் வைத்திருக்கிறதோ, ஏறக்குறைய அதைத்தான் குடித்தவன் செய்கிறான். குடியைவிடப் பெரிய போதை அந்த மன்னிப்பு.

தேசியக் குடும்பநல ஆய்வின் அய்ந்தாவது சுற்று (2019–21) தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது. 18 முதல் 49 வயது வரை, திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29. பெரியார் மண் என்று மேடையில் பேசுகிற நாம் இந்த எண்ணையும் கூடவே வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். நூற்றுக்கு முப்பத்தெட்டு வீட்டில் ஆண்களுக்குச் சுயக்கட்டுப்பாடு என்ற உறுப்பே இல்லாமல் போய்விட்டதா? இல்லை. அலுவலகத்தில் நன்றாக வேலை செய்கிற உறுப்பு, வீட்டு வாசலில் ஓய்வுக்குப் போகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1998. எனக்கு இருபது வயது. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமம். என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, காலனியைச் சேர்ந்த ஒருவரோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். செய்தி தெரிந்தது மாலை நான்கு மணிக்கு. அய்ந்து மணிக்குள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் முப்பது ஆண்கள். பெண்கள் எல்லாம் உள்ளே. பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். அவர் கோபமாகவே இல்லை என்பது இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. கோபமாக இருந்தவர்கள் மற்றவர்கள். சொந்தக்காரர்களில் பெரிய மனிதர் ஒருவர், எனக்கு மாமா முறை, எழுந்து நின்று துண்டை உதறிச் சொன்னார்: "மீசை வச்சவன்லாம் வண்டியில ஏறுங்கடா."

எனக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. வேனில் ஏறினேன். ஏற விருப்பம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. அக்காவை எனக்குப் பிடிக்கும். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏறாமல் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வண்டி முதலில் போனது காலனிக்கு. அந்தப் பையனின் அப்பா வயலில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் மம்பட்டி. எங்களைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த மம்பட்டியை மெதுவாகத் தரையில் வைத்தது. வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி வந்து நின்றார். அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், வா போ என்றுதான் பேசியிருக்கிறேன். அவர் என்னைச் "சின்னய்யா" என்பார். "சத்தியமா எனக்குத் தெரியாது சாமி" என்றார். பின்னால் இருந்து யாரோ, "பாத்துட்டு நிக்கிறீங்களே, நீங்கள்லாம் ஆம்பளைகதானா?" என்றார்கள். அவருக்கு மிக அருகில் நின்றவன் நான். அடித்தேன். கன்னத்தில் ஒரு அறை.

எனக்கு ஆத்திரம் வந்து அடித்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த நொடியில் எனக்குக் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. முன்னால் நின்ற பெரியவரைப் பார்த்து வந்த பயம் இல்லை அது. எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து வந்த பயம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டது. நான் செய்தது தண்டனைக்குரிய குற்றம். யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தத் தெருவில் நாளை யாருக்கும் வேலை கிடைக்காது என்பது அடித்த எனக்கும் தெரியும், அடி வாங்கிய அவருக்கும் தெரியும்.

தோழர்களே, இப்போது உங்கள் தலைப்புக்கு வாருங்கள். சுயக்கட்டுப்பாடு. அன்றைக்கு அந்த இடத்தில் சுயக்கட்டுப்பாட்டோடு இருந்தது யார்? நாற்பது வருடம் மண் வெட்டிய கை அவருடையது. என்னை ஒரு கையால் தூக்கி எறிந்திருக்கலாம். மம்பட்டி இரண்டு அடி தூரத்தில் கிடந்தது. அவர் எடுக்கவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்த நொடியில் அவர் மனம் எத்தனை கணக்குப் போட்டிருக்கும்? மம்பட்டி கையில் இருந்தால் "வெட்ட வந்தான்" என்று நாளைக்குச் சொல்வார்கள். தெருவில் நாற்பது கூரை வீடு இருக்கிறது. தீப்பெட்டி ஒன்று போதும். இவ்வளவையும் ஒரு மூச்சுக்குள் யோசித்து மம்பட்டியைக் கீழே வைத்தாரே, அதைவிடப் பெரிய சுயக்கட்டுப்பாட்டை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஆனால் அதைப் பாராட்டாதீர்கள். அது அவர் விரும்பித் தேர்ந்த பண்பு இல்லை. சாதி அவரிடம் இருந்து தினமும் கூலி இல்லாமல் பிடுங்கிய வேலை அது. இந்தச் சமூகத்தில் சுயக்கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிடப்படவில்லை. கீழே இருப்பவர்கள் எப்போதும் அடக்கிக்கொள்ள வேண்டும். பெண்கள் சிரிப்பை, குரலை, நடையை, உடையை, ஆசையை அடக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் கோபத்தை, அழுகையை, நல்ல சட்டை போடும் ஆசையைக்கூட அடக்க வேண்டும். மேலே இருக்கும் ஆணுக்கு மட்டும், "என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று சொல்லும் உரிமை உண்டு. கட்டுப்பாடு இழப்பது ஒரு பலவீனம் என்று நினைக்கிறோம். நம் ஊரில் அது ஒரு சலுகை.

இந்தச் சலுகை எழுத்தில் இருக்கிறது. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், ஆண்களைக் கெடுப்பது பெண்களின் இயல்பு என்கிறது. தாயோடும் சகோதரியோடும் மகளோடும்கூட ஆண் தனியிடத்தில் உட்காரக் கூடாது, புலன்கள் அவ்வளவு வலிமையானவை என்கிறது. தன் மகள் அருகில் உட்கார்ந்தால்கூடத் தன்னை நம்ப முடியாது என்றால், அந்த ஆணைத் திருத்துவதற்கு ஓர் அத்தியாயம் எழுதியிருக்க வேண்டும். எழுதியது என்னவோ பெண்ணைக் காவலில் வைப்பதற்கு: சிறு வயதில் தந்தை, பிறகு கணவன், முதுமையில் மகன். இன்றைக்கு விடுதியில் மாணவிகளுக்கு ஏழு மணிக்குக் கதவடைப்பு, மாணவர்களுக்கு எந்நேரமும் திறப்பு என்று ஒரு கல்லூரி விதி வைத்தால், அதன் தாத்தா யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் இதன் வேரையே தோண்டிக் காட்டினார். 1916 மே 9, நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். அவருக்கு வயது 25, ஏறக்குறைய உங்கள் வயது. ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசிக்கிறார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் உபரி. மனைவி இறந்தால் ஓர் ஆண் உபரி. இந்த உபரியை என்ன செய்வது? பெண் என்றால் கணவனோடு சேர்த்து எரித்துவிடலாம், அல்லது ஆயுள் முழுக்கக் கைம்பெண்ணாக அடக்கி வைக்கலாம். உபரி ஆணை எரிக்க முடியுமா? முடியாது, அவன் ஆண், அவன் குழுவுக்குச் சொத்து. அவன் மீது துறவைத் திணிக்கலாமா? அவன் வெளியே வேலி தாண்டுவான், குழுவின் எண்ணிக்கையும் குறையும். கடைசியில் கண்டுபிடித்த வழி, இன்னும் பருவம் எட்டாத ஒரு சிறுமியைப் பிடித்து அவனுக்குக் கட்டி வைப்பது.

இதை நிதானமாக யோசியுங்கள். ஆணைக் கட்டுப்படுத்திக்கொள் என்று கேட்பதற்குப் பதிலாக, இந்தச் சமூகம் குழந்தைகளைக் கொடுத்திருக்கிறது. பெண்ணுக்குச் சாகும்வரை கட்டுப்பாடு, ஆணுக்கு ஒரு நாளும் கட்டுப்பாடு இல்லை. அதைச் சமன் செய்யும் கணக்குத்தான் சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம். பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கற்பிலிருந்து தொடங்குவதும், பெண் விடுதலைக்கு ‘ஆண்மை’ என்பதே ஒழிய வேண்டும் என்று வாதிடுவதும் இதனால்தான். கற்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் சட்டமாக இருப்பது ஏன் என்று கேட்டவர் அவர். ஆண்களை ஒழிக்கச் சொல்லவில்லை. வேனில் ஏறச் சொல்லும் அந்த ஆண்மையை ஒழிக்கச் சொன்னார்.

சிலர் கேட்பீர்கள்: "தோழர், இது இயற்கை இல்லையா? ஹார்மோன், ரத்தச் சூடு எல்லாம் இல்லையா?" நல்ல கேள்வி. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. குறுகலான நடைபாதையில் ஒரு மாணவர் நடந்துவருகிறார். எதிரே வருபவர் வேண்டுமென்றே தோளில் இடித்து, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். அமெரிக்காவின் வடபகுதியில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சிரித்துக் கடந்தார்கள். தென்பகுதியில், மானம் கௌரவம் என்று பேசும் பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன்கூட ஏறியிருந்தது. இரு தரப்பும் ஒரே கல்லூரியின் இளைஞர்கள். ஆக, ரத்தம் சூடாவது உண்மை. ஆனால் எப்போது சூடாக வேண்டும் என்று அந்த ரத்தத்துக்கு வளர்ப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இன்னொரு சோதனை. பாசன், வாண்டெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்களின் குழு செய்தது. ஆண்களில் ஒரு பிரிவினரை, பொம்மைத் தலையில் இருக்கும் கூந்தலைப் பின்னச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை அதே மாதிரி ஒரு கயிற்றைத் திரிக்கச் சொன்னார்கள். கை செய்யும் வேலை ஒன்றுதான். பிறகு, குத்துச்சண்டைப் பையில் குத்துகிறாயா, புதிர் விடுவிக்கிறாயா என்று கேட்டார்கள். கூந்தல் பின்னியவர்களில் குத்துகிறேன் என்று வந்தவர்கள் அதிகம். கூந்தலைத் தொட்டதில் ஏதோ குறைந்துவிட்டது. குத்தி அதை மீட்க வேண்டும். அவர்கள் சொல்வது இதுதான்: பெண்மை என்பது வயதுக்கு வந்தால் தானாக வருவது என்று சமூகம் நினைக்கிறது. ஆண்மை என்பது சம்பாதிக்க வேண்டியது, எப்போது வேண்டுமானாலும் பறிபோகக்கூடியது. அதனால் ஆண் தினமும் அதை நிரூபித்துக்கொண்டே இருக்கிறான். யாரிடம்? மற்ற ஆண்களிடம்.

நம் ஊரில் இந்த ஆண்மையோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. சாதியின் மானத்தை அந்தச் சாதிப் பெண்ணின் உடலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதற்குக் காவலாளி அந்தச் சாதி ஆண். அவள் தன் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தால் அவனுடைய ஆண்மையும் போகிறது, சாதியும் போகிறது. ஒரே நாளில் இரண்டு நட்டம். நிலம் இல்லாத, வேலை இல்லாத, கடனில் மூழ்கிய இளைஞனிடம் அவன் சாதிச் சங்கம் கொடுத்திருக்கும் ஒரே சொத்து அதுதான். அதனால்தான் அவன் அவ்வளவு வெறியோடு அதைக் காக்கிறான்.

அவனுக்கும் இதில் இழப்பு உண்டு. 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 1,64,000 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் ஏறத்தாழ 1,19,000 பேர் ஆண்கள். அழக் கூடாது, தோற்கக் கூடாது, உதவி கேட்கக் கூடாது என்று வளர்த்தால் இதுதான் நடக்கும். நம் சுவர்களில் "இளமையில் செய்த தவறா? தாது நட்டமா?" என்று விளம்பரம் எழுதி, லாட்ஜில் அறை எடுத்து, பயந்த பையன்களிடம் லேகியம் விற்று எத்தனை பேர் பணக்காரர் ஆனார்கள்! விந்து போனால் உயிர் போகும் என்று நம்பி உடல் மெலியும் ஆண்களின் பதற்றத்துக்கு மருத்துவர் விக் 1960இலேயே பெயர் வைத்தார்: ‘தாத்’ நோய்க்குறி. சுயக்கட்டுப்பாடு என்று நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதை மட்டும்தான். சொந்த உடம்பைப் பார்த்துப் பயப்படச் சொன்னோம். அடுத்தவர் உடம்பை மதிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஆணின் இழப்பையும், அவன் கையால் சாகிறவர்களின் இழப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவனுக்கு இறங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அவர்களுக்கு இல்லை.

ஆணவக் கொலை நடந்த மறுநாள் செய்தியில் "ஆத்திரத்தில்" என்று எழுதுவார்கள். சட்டம்கூட அப்படிப் பார்ப்பதில்லை. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறுவதற்கு நேரம் இருந்தும் திட்டமிட்டுச் செய்தால் அந்த விலக்கு கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் ஊரார் முன்னிலையில் விஷம் கொடுத்தார்கள். பிறகு எரித்தார்கள். ஓடிப்போனவர்களைத் தேட வேண்டும், பிடித்துக் கொண்டுவர வேண்டும், விஷம் வாங்க வேண்டும். இத்தனை நேரம் நீடிக்கிற ஆத்திரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? தண்டனை வர 2021 வரை பதினெட்டு ஆண்டுகள் ஆனது. அங்கே யாரும் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. எல்லோரும் கட்டுப்பட்டு நடந்தார்கள். சாதிக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் ஊர்க் கட்டுப்பாட்டை மட்டும் மீறுவதே இல்லை.

அன்றைக்கு எங்கள் வேனுக்குள்ளும் கட்டுப்பாடுதான் இருந்தது. மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காலனியில் இருந்து வண்டி கிளம்பி, பேருந்து நிலையம் பக்கம் விசாரித்து, அக்காவும் அவரும் திருப்பூருக்குப் போயிருக்கலாம் என்று தெரிந்தபோது இரவு ஒன்பது மணி. மாமா, "ராத்திரியோட ராத்திரியா போயிருவோம்" என்றார். போய் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. என் சித்தப்பா மகன், லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், கதவைத் திறந்து இறங்கினான். "எனக்குக் காலைல ஷிப்டு இருக்கு. நான் வரலை" என்றான். அவ்வளவுதான். சாதி ஒழிக என்று சொல்லவில்லை. அக்கா வாழட்டும் என்று சொல்லவில்லை. ஷிப்டு இருக்கிறது என்றான். மாமா கெட்ட வார்த்தையில் திட்டினார். "பொட்டப்பய" என்றார். அவன் பதில் பேசாமல் ரோட்டைப் பார்த்து நின்றான். ஒரு நிமிடம் கழித்து இன்னொருவர், தனக்குச் சர்க்கரை மாத்திரை போட வேண்டும் என்று இறங்கினார். மூன்றாவதாக நான் இறங்கினேன். நான் எந்தக் காரணமும் சொல்லவில்லை. நான்காவது ஆள் இறங்கியதும் வண்டி ஓட்டியவரே, "இத்தனை பேர் இல்லாம எதுக்குங்க, நாளைக்குப் பாப்போம்" என்றார். நாளைக்கு யாரும் போகவில்லை.

பல வருடம் கழித்து சாலமன் ஆஷ் என்ற உளவியலாளரின் சோதனையைப் படித்தபோது அந்தப் பெட்ரோல் பங்க் என் கண் முன்னால் வந்தது. 1950களில் செய்தது. மூன்று கோடுகள் வரைந்த அட்டை, இதில் எது அந்தக் கோட்டின் நீளம் என்று கேட்பார்கள். சின்னக் குழந்தைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் மற்ற எல்லோரும் சொல்லிவைத்துத் தவறான விடை சொல்வார்கள். ஏறக்குறைய கடைசியில் கேட்கப்படுபவர், தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்த பகுதியைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், தவறாகச் சொல்வது ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டத்தின் எண்ணிக்கை குறையவில்லை. "எல்லோரும்" என்ற சொல்தான் உடைந்தது.

எங்கள் வேனில் பதினொரு பேர். பின்னாளில் அவர்களில் சிலரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். "எனக்கும் விருப்பம் இல்லடா, நீங்கள்லாம் கொதிச்சுப் போயிருந்தீங்க" என்று மூன்று பேர் சொன்னார்கள். நானும் அவர்களைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். யாருக்கும் விருப்பம் இல்லாமலேயே ஒரு கொலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எல்லோருமே விருப்பம் இல்லாதவர்கள் என்று நான் வெள்ளையடிக்கவில்லை. மாமாவுக்கு விருப்பம் இருந்தது. ஆனால் மாமா ஒருவர்தான். அவருக்கு வண்டி நிறைய ஆள் தேவைப்பட்டது.

எனவே தோழர்களே, "உன் கோபத்தை அடக்கு, மூச்சை இழுத்து விடு, பத்து வரை எண்ணு" என்று ஆண்களுக்கு அறிவுரை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. மன உறுதி தனியாக வேலை செய்வதில்லை. அதற்குத் துணை வேண்டும். இயக்கம் என்பதன் பொருளே எனக்கு அதுதான். நான் மறுக்கும்போது என்னோடு இன்னொருவர் இருப்பார் என்ற உறுதி. வாட்சப் குழுவில் சாதிப் பெருமை காணொலி வந்தால் "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று முதல் வரியை எழுதுங்கள். விடுதி அறையில் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேச்சு வந்தால் சிரிக்காமல் இருங்கள், எழுந்து போங்கள். நண்பனின் தங்கை காதலித்தாள் என்று வண்டி எடுக்கிறான் என்றால், சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வசனம் தேவையில்லை. ஷிப்டு இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். இறங்குங்கள். நீங்கள் இறங்கக் காத்திருக்கும் ஒருவன் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பான்.

2018இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் போராடுகிறோம். போராட வேண்டும். ஆனால் சட்டம் பெட்ரோல் பங்க் வரை வந்து சேர நேரமாகும். அதற்குள் ஒருவர் இறங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று.

நான் அடித்த அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 2009இல் திருப்பூரில் அக்கா வீட்டைத் தேடிப் போனேன். போனபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்காவின் கணவர் என்னை உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். "அப்பா கடைசி வரைக்கும் அந்த மம்பட்டியைத்தான் பேசிட்டு இருந்தாரு" என்றார். "கீழ வச்சது நல்லதுதான்னு ஒரு நாள் சொல்வாரு. வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு நாள் சொல்வாரு." என்னை அடித்தவன் என்று அவர் என் பெயரைச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் அக்காவிடம் மன்னித்துவிடு என்றேன். அக்கா அழவில்லை. "மன்னிக்க வேண்டிய ஆளு போயிட்டாரு. எங்கிட்ட எதுக்குக் கேக்குற? நாலு பேருக்கு முன்னாடிதான அவரை அடிச்ச? அதையும் நாலு பேருக்கு முன்னாடி போய்ச் சொல்லு" என்றார்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்துதான் நான் அன்றைக்கு அடித்தேன். இன்றைக்கு நீங்கள் நாற்பது பேர் இருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன். இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். கைதட்டவும் வேண்டாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.